சுவிட்சை ஏமாற்றியது

…இல்லை, மறுபடியும் வந்துவிட்டது, அதே சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே அதே ஆங்கில வரி, பிரேக் ஃபெயிலியர், ஏதோ சவரிநாதனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது என்பது போல அணைந்து அணைந்து எரிகிறது, சாவியைத் திருப்பி அணைத்தார், மனதுக்குள் முப்பது வரை எண்ணினார், திரும்பப் போட்டார், மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தரம் எரிந்து எல்லா விளக்கும் அணைந்தன, இது மட்டும் நின்றது, சனியன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் காலைப் பரப்பி உட்கார்ந்து ஓட்டுகிற மோட்டார் சைக்கிள், கமுந்திங்கில் ஒரு கடைக்காரத் தவுக்கேயிடம் வாங்கி ஈப்போவுக்கு ஓட்டி வந்த அன்றைக்கு இந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க வேலியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது, நண்டு என்று பேர் வைத்தார்கள், வைக்கட்டும், அறுபத்தொரு வயதில் உடைந்த இடுப்பை வைத்துக்கொண்டு இவர்களில் எவன் மோட்டார் ஓட்டுகிறான்? இன்றைக்கு வியாழன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ராட்னி தலைமையில் பதினொரு மோட்டார்கள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறப்போகின்றன, பதினொன்றாவது மோட்டார் இதுதான், ரெண்டு வருஷத்துக்கு முன்னால விழுந்த அதே ரோட்டுல ஏறிக் காட்டுறேன் என்று மோட்டார்காரர்களின் ஃபோன் குழுவில் வாய் கிழியப் பேசியதும் இவர்தான். இந்த வரி எரிகிற வரைக்கும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் வண்டியை நாற்பதுக்கு மேல் விடாது. நாற்பதில் மலையேறினால் உரம் ஏற்றிய லோரிக்காரன்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போவான்.

பேட்டரியா? விடிந்ததும் அதைத்தான் பார்த்தார், பன்னிரண்டரை வோல்ட், குறையில்லை. கால் பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்ச்? அமுக்கினால் பின்விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது. பார்க்கிங் பிரேக்? அவிழ்ந்துதான் இருக்கிறது. மூன்று சக்கரத்து சென்சாரையும் பழைய பனியனைக் கிழித்துத் துடைத்தாயிற்று, முட்டி போட்டுத் துடைத்ததில் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இணையத்தில் பார்க்கலாம் என்றால் அங்கே ஒரே பைத்தியக்காரக் கூட்டம், தாடி வைத்த அமெரிக்காக்காரன் ஒருவன் பேட்டரியை மாற்று என்று அரைமணி நேரம் பேசுகிறான், இன்னொருவன் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு ஓட்டு என்கிறான், அடப்பாவி, பிரேக்கடா அது. இவர்களெல்லாம் வாத்தியார், சவரிநாதன் மாணவன், கேட்டுக்கொள்ள வேண்டும்! இருபத்திரண்டு வருஷம் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் கடைசி மேசை, பிரேக் சோதனை, உருளை மேல் காரை ஏற்றி மிதித்துப் பார்த்து இவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கார் வெளியே போகும், பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த பொடியன்கள் இவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒருத்தனுக்காவது மிதித்தவுடன் காலில் பேசுகிற அந்தப் பாஷை தெரியுமா, எல்லாம் திரையைப் பார்த்துப் பிழைக்கிற ஜாதி. உள்ளேயிருந்து மனைவி எல்ஸி, "பசியாற வாங்க, மணி பத்தாவுது" என்றாள். வாரேன் என்றார். அவளுக்கென்ன, விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான், நேரத்துக்குத் தோசை ஆறக்கூடாது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது, வந்துவிட்டார் கார்த்திகேசு, பக்கத்து வீடு, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவன் வீட்டுப் போர்ச்சை எட்டிப் பார்ப்பதே உத்தியோகம். "என்னாண்ணே, இன்னும் அந்த லைட்டு போகலியா? வாங்குன அன்னிக்கே சொன்னேன்லா, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சி ஏத்துங்கன்னு. மூணு சக்கரத்துக்கு மூணு பழம். கோயில்ல அஞ்சு நிமிஷ வேலை." நான் கிறிஸ்துவன் கார்த்தி என்றார் இவர். "அதனால என்னாண்ணே, டயருக்குத் தெரியுமா?" சவரிநாதன் மூக்காலேயே சிரித்துவிட்டு ஸ்குருடிரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார், பதில் சொன்னால் இன்றைக்குப் பொழுது போய்விடும். மூன்று பழம்! நாலு சக்கரக் காருக்கு நாலு, பதினெட்டுச் சக்கர லோரிக்கு ஒரு கூடை, கணக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், அத்தனை பழம் நசுக்கியும் அன்றாடம் ரோட்டில் எத்தனை பேர் நசுங்குகிறார்கள். இவர்கள்தான் இப்படி என்றால் எல்ஸி பக்கத்து ஆட்கள் மட்டும் என்ன உசத்தி, வண்டி வந்த வாரமே கோயிலுக்கு ஓட்டிட்டு வாங்க, பாதர் மந்திரிச்சித் தருவார் என்று நின்றாள், பூசை முடிந்து எல்லார் முன்னாலும் பாதர் தீர்த்தச் செம்போடு வந்தபோது, பாதர், பிரேக் எண்ணெயில தண்ணி கலந்தா கெட்டுப்போகும் என்று இவர் சொன்னதில் பாதரே சிரித்துவிட்டார், கூட்டமே சிரித்தது, எல்ஸி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்தால்தானே. இந்து என்ன, கிறிஸ்துவன் என்ன, பயந்தாங்கொள்ளிகளுக்கு ஆளுக்கொரு கைப்பிடி வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்கும் காரணம் அந்த தர்மா. மெங்லெம்பு பக்கம் இரண்டு கதவுக் கடை, போன வருஷம்தான் திறந்தான், பெரிய மோட்டார் ரிப்பேர் போமன் என்று போர்டு வேறு. ராட்னி சொன்னான் என்று வண்டியை விட்டார், முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டான், பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினான், அது புதன்கிழமை, அடுத்த திங்கள்கிழமை காலையில் சாவியைப் போட்டால் இந்த வரி. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அன்றைக்கே குழுவில் குரல் பதிவு போட்டார், முப்பத்துநாலு பேர் இருக்கிற குழு, தர்மாவும் அதில் இருக்கிறான், இருந்தால் என்ன, கேட்கட்டும். "நம்ம பயலுகளுக்கு ஒண்ணு சொல்றேன், தர்மாகிட்ட வண்டி குடுத்தா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. அவன் தொட்டதுக்கப்புறம் நடுவுல ஒரு ஈ காக்கா என் வண்டியத் தொடல. பிரேக்கு விளையாட்டு இல்லலா." பிரேக் என்றால் சவரி அண்ணன், சவரி அண்ணன் என்றால் பிரேக், எவன் மறுத்துப் பேசுவான், குழுவில் இருக்கிற சுரேன் அன்று சாயங்காலமே லோரியோடு போய்ப் பாதி கழற்றிப் போட்டிருந்த தன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான், ராட்னி குழுவையே ஜெலாப்பாங்கில் ஒரு சீனன் கடைக்கு மாற்றிவிட்டான், இந்த மூன்று வாரமாக தர்மா கடையில் சின்னக் கப்சாய் மோட்டாருக்குச் செயின் மாற்றுவதைத் தவிர வேலை இல்லை என்று கேள்வி, கடையை மூடப்போகிறானாம். மூடட்டும், பிரேக்கில் கை வைக்கத் தெரியாதவன் செயினே மாற்றட்டும். சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே தோட்டத்துக்காரர்கள்தான் இரண்டு குடும்பமும், இவர் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர், தனி வீடு, வாசலில் குழாய், தர்மாவின் அப்பா ஐயாவு ரப்பர் பால் வெட்டு, கடைசி லயத்து வீடு, புண் கட்டிக்கொள்ள வந்தால் படிக்குக் கீழேதான் நிற்பார். அந்த ஐயாவு மகன் இன்றைக்கு ஸ்கேனரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இவருக்குப் பிரேக் சொல்லித் தருகிறான்.

வந்தான், இரண்டு தரம் வந்தான், கூப்பிடாமலே வந்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை, எல்ஸிதான் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். முன் மூடியைக் கழற்றி எண்ணெய் டப்பாவைக் காட்டினான், எண்ணெய் நிறைந்தே இருக்கிறது, டப்பாவுக்கு அடியில் இருக்கிற சுவிட்சின் பிளக்கைக் கழற்றினால் வரி போகிறது, மாட்டினால் வருகிறது, அப்போ சுவிட்ச்தான் கெட்டிருக்கு என்று இரண்டாம் தரம் புது சுவிட்சோடு வந்தான், மாட்டினான், சாவியைப் போட்டான், எரிந்தது. அந்த நேரத்து அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் வயிறு குளிர்கிறது. பழைய சுவிட்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பழைய சுவிட்சும் நல்லாத்தான் இருந்திருக்கு. என்னமோ ஒண்ணு அத ஏமாத்துது" என்றான். "பேயாடா?" என்றார் இவர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சாமான்களை எடுத்துப் பைக்குள் போட்டான்.

ஏமாற்றுகிறதாம்… சரி, அவன் சொன்ன பைத்தியக்காரத்தனத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டால் போகிறது, பார்த்துவிட்டு அதையும் குழுவில் போடலாம். முன் மூடியின் கிளிப்புகளை நெம்பினார், எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். டப்பா என்ன பெரிய ரகசியமா, உள்ளே ஒரு மிதவை, மிதவைக்குள் ஒரு துண்டுக் காந்தம், எண்ணெய் குறைந்தால் மிதவை கீழே இறங்கும், காந்தம் அடியில் இருக்கிற சுவிட்சுக்குப் பக்கத்தில் வரும், சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும், கதை முடிந்தது. எண்ணெய் மேலே நிற்கிறது, மிதவையும் மேலே நிற்கிறது, வெளியேயிருந்தே தெரிகிறது. அப்படியானால் சுவிட்சுக்குப் பக்கத்தில் காந்தம் இல்லை. காந்தம் இல்லாமல் அது எப்படி ஒட்டும்… மிதவையின் காந்தம் இல்லை என்றால் வேறு… வேறு என்ன காந்தம் அங்கே வரும், யார் கொண்டுவந்து வைப்பார்கள்? டப்பாவைத் தாங்கிப் பிடித்திருக்கிற இரும்புத் தகட்டுக்குப் பின்னால், டார்ச் அடித்தாலும் தெரியாத இடத்தில், இவருடைய கை தானாகப் போனது, தேடிப் போகவில்லை, நேராகப் போனது, இரண்டு விரலும் வட்டமாக, வழுவழுப்பாக, ஒரு வெள்ளிக்காசை விடக் கொஞ்சம் பெரிய ஒன்றின் மேல் போய் நின்றன. கார்த்திகேசு வேலியில் இருக்கிறாரா என்று முதலில் திரும்பிப் பார்த்தார். இல்லை.

பிடுங்கி எடுக்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. நீல எனாமல், நடுவில் மாதாவின் தாய் அன்னம்மாள், பக்கத்தில் புத்தகம் படிக்கிற சின்ன மாதா, காரில் ஒட்டுவதற்காகப் பின்னால் காந்தம் வைத்த சுரூபம், புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் மெழுகுவர்த்திக் கடைக்குப் பக்கத்தில் எல்ஸி வாங்கினாள், ஒரு வார்த்தை பேசாமல் இவர் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள், கூட்டத்தில் கையை உயர்த்தக்கூட இடமில்லை, அதனால்தான் எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை… அது ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் எல்ஸி குளித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் அளவைப் பார்ப்பதற்காகத்தான், சத்தியமாக அதற்காகத்தான் இந்த மூடியைக் கழற்றினார், கை பாக்கெட்டுக்குப் போயிற்று, தகட்டுக்குப் பின்னால் போயிற்று, டக்கென்று அதுவே ஒட்டிக்கொண்டது. தூக்கிப்போட்டால் பாவம், மேசையில் வைத்தால் எல்ஸி பார்த்துவிட்டு ஜெயித்த மாதிரி ஒரு முகம் காட்டுவாள், அதனால்தான் அங்கே… அப்படியானால் ஹேண்டிலுக்குக் கீழே வைத்திருக்கலாமே, டாங்கிக்கு அடியில் வைத்திருக்கலாமே, பிரேக்குக்குப் பக்கத்தில் ஏன்? பார்த்துக்கோம்மா என்று வாய் விட்டுச் சொன்னதும் உண்டு, யாருக்கும் கேட்காமல். மறுநாள் காலை வரி எரிந்தது, இவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணவில்லை, புதன்கிழமையிலிருந்து எண்ணினார், தர்மா கை வைத்த நாளிலிருந்து, கடைசி லயத்துப் பையன் கை வைத்த நாளிலிருந்து. எவ்வளவு வசதியாக மறந்திருக்கிறது இந்த மண்டை, தொழிற்சாலையில் எவனாவது இப்படி ஒரு சோதனை அறிக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தால் அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பார்.

மறந்தது இது ஒன்றுதானா… இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் மலைகளைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்குகிற மூன்றாவது வளைவு, அப்போது இரண்டு சக்கர மோட்டார், ரோட்டில் டீசல் கொட்டிக் கிடந்தது, சறுக்கிவிட்டது என்று ராட்னியிடம் சொன்னார், ஆம்புலன்சில் சொன்னார், எல்ஸியிடம் சொன்னார், சொல்லிச் சொல்லி அந்த டீசல் வாடைகூட மூக்கில் ஏறிவிட்டது. டீசலும் இல்லை மண்ணெண்ணெயும் இல்லை, ரோடு காய்ந்துதான் கிடந்தது. எதிரே ஒரு லோரி அதன் பாதையில் ஒழுங்காக இறங்கி வந்துகொண்டிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை, இவருடைய வலது கை முன் பிரேக்கைப் பிடித்தது, விடு என்றால் விடவில்லை, இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் பிரேக்குக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கை. பயம், வேறு என்ன பேர் அதற்கு. அந்த லோரிக்காரன்தான் இறங்கி ஓடிவந்து இவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், அவன் பேர்கூட இவர் கேட்கவில்லை.

சுரூபத்தைப் பிடுங்கினார். சாவியைப் போட்டார். எல்லா விளக்கும் எரிந்து எல்லா விளக்கும் அணைந்தன. சிவப்பு இல்லை, வரி இல்லை, மீட்டர் சுத்தமாக இருக்கிறது. அதே நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது, ராட்னிதான் குழுவில் கேட்கிறான், சனிக்கிழமைக்குப் பத்துப் பேர் உறுதி, சவரி அண்ணே உங்க நண்டு ரெடியா? கீழே பெயர் வரிசையில் தர்மாவும் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, இத்தனைக்குப் பிறகும் குழுவை விட்டுப் போகவில்லை, மானங்கெட்டவனா, இல்லை எவனாவது ஒரு நாள் நம் பக்கம் பேசுவான் என்று உட்கார்ந்திருக்கிறானா? சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு நிமிஷ வேலை, நான்தான் வைத்தேன், மறந்துவிட்டேன், தர்மா மேல் தப்பு இல்லை, சுரேன், உன் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடு. முப்பத்துநாலு பேர். பாதரைக் கேலி பண்ணினவன், மூன்று எலுமிச்சம்பழத்துக்கு மூக்கால் சிரித்தவன், பிரேக் சவரி, சாமி படத்தைப் பிரேக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தானாம், கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்க மாட்டானா ஒவ்வொருத்தனும்… மைக்கை அழுத்தினார். "ராட்னி, வண்டி ரெடி. எல்லாரும் கேட்டுக்குங்க, தர்மா மேல தப்பு இல்ல. நான் சொன்னது தப்பு. அவன்கிட்டயே வண்டிய விடுங்க. என்னா ஆச்சின்னா… எல்ஸி இருக்காள்ல, அன்னம்மா சுரூபத்த கொண்டுபோயி எண்ணெ டப்பாவுக்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கா, காந்தம்லா அது." விரலை எடுத்தார். போய்விட்டது.

எல்ஸி என்று சொல்லவேண்டும் என்று நினைத்து மைக்கை அழுத்தவில்லை, அது மட்டும் உண்மை, வாயில் அந்தப் பெயர் தயாராக நின்றது. சிரிப்பு முகங்கள் வரிசையாக விழத் தொடங்கின, பதினைந்து, இருபது. அக்காவுக்கு ஜே என்றான் ராட்னி. பொம்பளைங்கள வண்டிகிட்டயே விடாதீங்கண்ணே என்றான் சுரேன், இரண்டு மாதம் முன்பு எல்ஸி கையால் பிரியாணி தின்றுவிட்டுப் போனவன். எல்லாவற்றுக்கும் கீழே தர்மா எழுதியிருந்தான். பரவால்லண்ணே. அக்காவ ஏசாதீங்க. பயத்துல வச்சிருப்பாங்க.

இன்னொரு தரம் படித்தார். மேலே உருட்டிவிட்டுத் திரும்பக் கீழே வந்து படித்தார். மூன்று வாரமாக இவர் அவனை என்னென்ன சொன்னார், அவன் ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டான், யாரிடம் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல். தெரியாமலா?

"கேட்டிச்சு" என்றாள் எல்ஸி. போர்ச்சுப் படியில் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, கையில் தோசைக்கரண்டி. "நான் உங்க சட்டைப் பாக்கெட்டுலதான போட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் கோபப்பட்டிருப்பார், அதற்கு வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன, அவள் அடுப்பை அணைச்சாச்சு என்பது போலச் சொன்னாள். இவர் எண்ணெய் டப்பாவின் மூடியை, நன்றாகவே இறுகியிருந்த மூடியை, இன்னொரு தரம் இறுக்கினார். "சரி விடுங்க, நான்தான் வச்சேன்னே இருக்கட்டும். அந்தப் பையன் கடைய மூடாம இருந்தா போதும். தினமும் அதத்தான் வேண்டிக்கிட்டேன்." படியிறங்கி வந்து கையை நீட்டினாள். "குடுங்க, நான் காருல வச்சிக்கிறேன். இதுல வச்சாத்தான் லைட்டு எரியுதே."

கொடுத்துவிட வேண்டியதுதான், ஒரு காந்தத் துண்டு, கடையில் கூடை கூடையாகக் கொட்டிவைத்து விற்கிற சாமான், அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார். "இல்ல" என்றார், "எங்கிட்டயே இருக்கட்டும்." எல்ஸி நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தாள், ஜெயித்த முகம் எதுவும் காட்டவில்லை, தோசை ஆறிப்போச்சு, வேற ஊத்துறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுரூபத்தின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது. ஃபோனில் ராட்னி புதிதாக எழுதியிருந்தான், அப்போ பதினொன்னு, சனிக்கிழமை சிம்பாங் பூலாய் பெட்ரோல் ஸ்டேஷன், ஆறரை. சவரிநாதன் மீட்டரைப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லாமல் அது வெறுமனே எரிந்துகொண்டிருந்தது, இந்த மூன்று வாரமும் ஒவ்வொரு காலையும் சாவியைப் போடும்போது அந்தச் சிவப்பு வந்துவிடவேண்டும், வந்துவிடவேண்டும் என்றுதான் தமக்கு உள்ளே அடித்துக்கொண்டிருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது.